ஆவணத் தளங்களின் அணுகல்தன்மை

மென்பொருளை நிறுவும் முறை, பயன்படுத்தும் முறை ஆகியவற்றை விளக்கும் இணையத்தளம் ஆவணத் தளம் எனப்படும். பார்வையற்றோர் இதனைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல் வழியே பயன்படுத்துகின்றனர். என்விடிஏ இவ்வகையைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள்.

நீண்ட பக்கத்தை இவர்கள் முழுவதும் கேட்பதில்லை. என்விடிஏவில் 'எச்' விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவர். தடித்த எழுத்தில் உள்ள வரி கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியலாம். அதற்கு எச்டிஎம்எல் தலைப்புக் குறி இல்லையெனில் திரைவாசிப்பான் அதைத் தலைப்பாகக் கொள்ளாது.

இதைவிடப் பெரிய தடை திரைப்பிடிப்புகள். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளையைப் படமாக மட்டும் இட்டால், பார்வையற்றவர் அந்தப் படியிலேயே நின்றுவிட நேரும். மாற்று உரையில் "திரைப்பிடிப்பு 3" என்று எழுதுவதும் வெறும் சடங்கே. கட்டளையை உரையாகவே தர வேண்டும். பார்வையுள்ளவரும் அதைப் படியெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி தமிழ் என்றே குறிக்கப்பட வேண்டும். ஆங்கிலம் எனத் தவறாகக் குறித்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று குழறும் அல்லது பேசாமல் கடந்துவிடும்.

பார்வை மங்கியோருக்காக, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது 2008இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட வழிகாட்டி. பெரிய எழுத்துகளுக்கு 3:1 போதும்.