பானை யானையான கதை!

குழந்தைகளே, நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது ஒரு விளையாட்டு வைப்பேன். 'பாட்டி பானை வாங்கினாள்' என்று கரும்பலகையில் எழுதி அழித்து விடுவேன். முதல் மாணவன் அதை நோட்டில் எழுத, அடுத்தவன் அவன் நோட்டைப் பார்த்து எழுத, இப்படியே கடைசி பெஞ்சு வரை போகும். அங்கே பார்த்தால், பாட்டி யானை வாங்கியிருப்பாள்! வகுப்பே சிரிக்கும்.

கொரோனா வைரஸ் உருமாறுவதும் இப்படித்தான். அதற்குள் ஆர்.என்.ஏ., என்ற மெல்லிய இழை இருக்கிறது. வைரஸை உருவாக்கும் செய்முறை, சுமார் 30,000 எழுத்துக்களில் அதில் அடங்கியுள்ளது. வைரஸ் தானாகப் பெருகாது. நம் உடல் செல்லுக்குள் புகுந்துதான் அந்த இழையை நகல் எடுக்கும். அப்போது ஓர் எழுத்து மாறிவிடலாம். பிழை திருத்தும் ஏற்பாடும் அதனிடம் உண்டு. (என் வகுப்பில் அது கிடையாது!) அதையும் மீறிச் சில பிழைகள் தப்பிவிடும்.

பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு லாபமில்லை. எப்போதாவது ஒன்று, வேகமாகப் பரவவோ நம் எதிர்ப்பு சக்தியை ஏமாற்றவோ உதவிவிடும். 2020 இறுதியில் இந்தியாவில் கண்டறியப்பட்ட 'டெல்டா' அப்படிப்பட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் கிடைக்காமல் மக்கள் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்காது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே ஆண்டு நவம்பரில் தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் 'ஒமைக்ரான்' பற்றி உலகை எச்சரித்தனர். அதன் முள் போன்ற புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள்!

முதலில் கண்டுபிடித்துச் சொன்ன நாட்டின் பெயரையே வைரஸுக்குச் சூட்டுவது நியாயமா? அதனால்தான் 2021 மே மாதம் முதல், உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்தது.

சரி, இதைத் தடுப்பது எப்படி? நோட்டு கை மாறாவிட்டால் பிழை ஏது? ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது குறைந்தால், நகல் எடுக்கும் வாய்ப்பும் குறையும். காய்ச்சல், இருமல் என்றால் பள்ளிக்கு லீவு போடுங்கள், முகக்கவசம் அணியுங்கள், அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். தடுப்பூசி போட்டவருக்கும் தொற்று வரலாம். ஆனால், நோய் முற்றாமல் அது காக்கும்.

எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்த நோயாளிகள் சிலரின் உடலில், வைரஸ் மாதக்கணக்கில் தங்கி நகல் எடுத்தபடியே இருக்கும். புதிய வகைகள் சில அங்கிருந்து வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். எனவே, அவர்களை நாம் தனிக் கவனத்தோடு காக்க வேண்டும்.

இப்போது பல நாடுகளில் சாக்கடைத் தண்ணீரையும் பரிசோதிக்கின்றனர். மூக்கைப் பிடித்துக் கொள்ளாதீர்கள்! ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே, புது வைரஸ் வந்துவிட்ட சேதியை அது சொல்லிவிடும்.