காளானைத் தருவது வெள்ளை வலை

சகோதரிகளே, என் பிள்ளைகளின் ரியூஷன் செலவைத் தாங்குவது வீட்டின் பின்னறையில் வளரும் சிப்பிக் காளான்தான். காளானை மரத்தின் காய் என்று வைத்தால், மரமாக இருப்பது பைக்குள் பரவும் வெள்ளைப் பூசண வலை.

10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று சேர்த்து ஈரமாக்கிப் பைகளில் அடைப்பேன். நீராவியில் அவித்தால் வேறு பூசணங்கள் அழியும். நன்றாக ஆறியபின் வித்து இடுவேன்.

இருட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பை முழுவதும் வெளுக்கும். பச்சையோ கறுப்போ படர்ந்தால் அந்தப் பையை உடனே அகற்றுங்கள். வெளுத்த பைகளைக் கீறி ஈரலிப்பும் காற்றும் மெல்லிய வெளிச்சமும் கொடுங்கள்.

ஒருமுறை பறித்ததும் வீசிவிடாதீர்கள். வலை உயிரோடிருந்தால் மீண்டும் காய்க்கும். ஆயத்தப் பை வாங்குவோரும் வெண்மையைப் பார்த்தே காசு கொடுங்கள்.