உங்களுக்குத் தெரியுமா? ஸ்காட்லாந்தில் தொலைந்த ஊரைத் தேடும் கலை

பழைய பைபிளின் முதல் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அல்லது கல்லறைக் கல்லிலோ கப்பல் பயணிகள் பட்டியலிலோ கண்ணில் படும். கனடாவிலும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்து வேர்களைத் தேடும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தேடல் இப்படித்தான் தொடங்குகிறது. இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லையென்றதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை. ஊர் பெரும்பாலும் வேறு எழுத்தில், வேறு கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவில்), அல்லது நான்கு வீட்டுப் பண்ணையாக இருந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உதவும் செய்திகள் இதோ.

பொக்கிஷமான ஓர் ஆண்டு

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. முதல் ஆண்டுப் படிவம் கேள்விகளால் நிரம்பி வழிந்தது. பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணந்த இடம், தேதி எல்லாம் கேட்டார்கள். அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோர் மணந்த இடமும் தேதியும் மட்டும் 1861 முதல் பிறப்புப் பதிவில் திரும்பி வந்தன. அதனால் அனுபவசாலிகள் நேர் முன்னோரோடு நிற்பதில்லை. அவருடைய தம்பி, தங்கை, ஒன்றுவிட்ட சகோதரர் யாருக்காவது 1855இல் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தகப்பனின் ஊர் மகனுடைய தம்பியின் பிறப்புப் பதிவில் கிடைப்பதுண்டு.

பத்தே ஆண்டு, பெரிய வித்தியாசம்

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் இருக்காது. ‘இதே கவுண்டியில் பிறந்தவரா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் மட்டும்தான். 1851இலிருந்து பிறந்த பாரிஷும் கவுண்டியும் எழுதப்பட்டன. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய நிர்வாக எல்லை. பண்ணைப் பெயர் புரியாவிட்டாலும் பாரிஷ் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

‘இன்’ வேறு, ‘ஆஃப்’ வேறு

1855க்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளில் மிகப் பழையது பெர்த்ஷையரின் எரல் பாரிஷில் 1553இல் தொடங்குகிறது. இந்தப் பதிவேடுகளின் ஞானஸ்நான வரியைக் கூர்ந்து பாருங்கள்: தேதி, தகப்பன் பெயர், பண்ணைப் பெயர், குழந்தையின் பெயர், கடைசியில் சாட்சிகள். தகப்பன் பெயருக்கும் பண்ணைப் பெயருக்கும் நடுவில் ‘இன்’ என்றிருந்தால் அவர் அங்கே குத்தகைதாரர். ‘ஆஃப்’ என்றிருந்தால் நிலமே அவருடையது. ‘போர்ஷனர்’ என்றிருந்தால் நிலத்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். நிலம் வைத்திருந்தவர் என்றால் 1617 முதல் நடந்துவரும் சசீன் என்ற நில ஆவணப் பதிவேட்டில் அவர் பெயரையும் ஊரையும் தேடலாம். குத்தகைதாரருக்கு அந்த வழி இல்லை. அவரைப் பண்ணை முதலாளியின் வாடகைக் கணக்குகளில் தேட வேண்டும்.

நான்கு வீடு இருந்தாலும் ‘டவுன்’

பழைய ஸ்காட்லாந்து ஏட்டில் ‘டவுன்’ என்று கண்டதும் நகரம் என்று எண்ணிவிடக் கூடாது. சில குடும்பங்கள் சேர்ந்து உழுத ஒரு பண்ணையும் அதை ஒட்டிய வீடுகளும்தான் ‘ஃபெர்ம்டூன்’. 18ஆம் நூற்றாண்டில் நிலங்களைத் திருத்திப் பெரிய தனிப் பண்ணைகளாக மாற்றியபோது இவை நூற்றுக்கணக்கில் கலைந்தன. பெயர் ஒரு வயலுக்கோ ஒற்றை வீட்டுக்கோ மட்டும் மிஞ்சியது.

மேலப்பண்ணை, கீழப்பண்ணை

நம் ஊர்களில் மேல, கீழ, பெரிய, சின்ன என்று ஒரே பெயரைப் பிரிப்பதுபோல அங்கும் பிரித்தார்கள். ‘ஈஸ்டர்’ கிழக்கு, ‘வெஸ்டர்’ மேற்கு. பண்டிகைக்கு அங்கே வேலையே இல்லை. ‘ஓவர்’ மேல், ‘நெதர்’ கீழ், ‘மீக்கில்’ பெரிய. ‘மெய்ன்ஸ்’ நிலப்பிரபு தம் பொறுப்பிலேயே வைத்திருந்த பண்ணை. ‘கிர்க்டன்’ தேவாலயத்தை ஒட்டிய குடியிருப்பு, ‘மில்டன்’ ஆலையை ஒட்டியது. எனவே ‘நெதர்’ இன்ன ஊர் என்று ஏட்டில் இருந்து, வரைபடத்தில் அது இல்லாவிட்டால், முதலில் ‘ஓவர்’ இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து நிலத்தில்தான் நீங்கள் தேடுவது இருந்திருக்கும்.

பருத்தி விளையாத ‘காட்டன்’

ஆங்கஸ், அபர்டீன்ஷையர் ஏடுகளில் ‘காட்டன் ஆஃப்’ என்று தொடங்கும் ஊர்கள் வரும். பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ‘காட்டர்’ எனப்பட்ட கூலியாட்களின் குடிசைத் தொகுதி. பெரிய பண்ணையில் உழைத்து, பதிலுக்குக் குடிசையும் துண்டு நிலமும் பெற்றவர்கள் அவர்கள். முன்னோர் எந்த நிலையில் வாழ்ந்தார் என்பதை ஊர்ப் பெயரே சொல்லிவிடும் இடம் இது.

கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்

பதிவு செய்தவர் காதில் விழுந்ததை எழுதினார். ஊரின் பெயரோ எழுத்தில் ஒரு மாதிரி, நாக்கில் ஒரு மாதிரி. கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள ‘மில்ன்கேவி’யை ஊரார் ‘மல்கை’ என்பார்கள். ‘கிர்க்கட்பிரைட்’ அவர்கள் வாயில் ‘கர்கூப்ரீ’. ‘ஸ்ட்ராத்தேவன்’ என்பது ‘ஸ்ட்ரேவன்’. ஃபைஃப் பகுதியில் ‘ஆன்ஸ்ட்ரதர்’ ஊரைப் பழைய ஆட்கள் ‘எய்ன்ஸ்டர்’ என்பார்கள். கடல் கடந்து போன குடும்பம் ஒலியை மட்டும் எடுத்துப் போயிருந்தால், பேரன் எழுதிவைத்த எழுத்துக்கும் வரைபட எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பெயரைப் பலமுறை உரக்கச் சொல்லிப் பார்ப்பது இந்தத் துறையில் மதிக்கப்படும் ஆய்வு முறை.

மெக்கன்சியில் ஒளிந்திருக்கும் எழுத்து

பழைய ஸ்காட்ஸ் மொழியில் 3 என்ற எண்ணைப் போன்ற ஓர் எழுத்து இருந்தது. பெயர் ‘யோக்’. ஒலி ஏறத்தாழ ‘ய’. அச்சுக்காரர்களிடம் அந்த எழுத்து இல்லாததால், தோற்றத்தில் ஒத்திருந்த ‘இசட்’ எழுத்தைக் கோத்தார்கள். அதனால்தான் ஏர்ஷையர் கடலோரக் கோட்டை ஒன்று ‘கல்ஜியன்’ என்று எழுதப்பட்டு ‘கலேன்’ என்று ஒலிக்கிறது. தமிழகச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். அவர் குடும்பப் பெயரில் உள்ள ‘இசட்’டும் இதே யோக்தான். பழைய ஏட்டு ஊர்ப் பெயரில் ‘இசட்’ வந்தால் அதை ‘ய’ ஆக்கிப் படித்துப் பாருங்கள். பல பூட்டுகள் திறக்கும்.

கிழிந்த தாளில் பாதிப் பெயர்

முதல் அசையோ கடைசி அசையோ மட்டும் மிஞ்சினாலும் பகுதியை ஊகிக்கலாம். ‘பால்’, ‘ஆக்’ என்ற தொடக்கங்கள் கேலிக் மொழியில் குடியிருப்பையும் வயலையும் குறிப்பவை. ‘பிட்’ என்று தொடங்கினால் பிக்ட் என்ற பழைய மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதி, முக்கியமாக ஃபைஃப் முதல் மோரே வரை. ‘பாஸ்ட்’, ‘ஸ்டர்’ என்று முடிந்தால் நார்ஸ் மொழிச் செல்வாக்கு. ஸ்கை தீவின் கார்பாஸ்ட், கெய்த்னஸின் லிப்ஸ்டர் போல மேற்குத் தீவுகளையும் வடகோடியையும் முதலில் தேட வேண்டும். இதை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு டபிள்யூ. ஜே. வாட்சன் 1926இல் வெளியிட்ட ஸ்காட்லாந்தின் கெல்டிக் ஊர்ப் பெயர் வரலாறு இன்றும் முதல் நூல்.

அண்டை வீட்டாரைக் கேளுங்கள்

கணக்கெடுப்பாளர் வீடு வீடாக ஒரு வழியில் நடந்துபோய் எழுதினார். அவர் ஏட்டின் முன்பக்கத்தில் அவருக்கு ஒதுக்கிய பகுதியின் எல்லை விவரம் இருக்கும். புரியாத பண்ணைப் பெயருக்கு முந்தைய மூன்று பெயர்களையும் பிந்தைய மூன்று பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை வரைபடத்தில் புள்ளியிட்டு இணைத்தால், தொலைந்த பண்ணை அந்தக் கோட்டின் மேலேயோ ஓரத்திலேயோ விழும். ஞானஸ்நான வரியின் சாட்சிகளும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்தான். அவர்களுடைய பண்ணைகளையும் இப்படியே பயன்படுத்தலாம்.

பெயருக்குச் சாட்சி சொன்ன புத்தகங்கள்

அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை அங்குலம் அங்குலமாக அளந்தபோது, ஒவ்வொரு பெயரையும் ‘நேம் புக்’ என்ற ஏடுகளில் பதிந்தது. ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் வழங்கிவந்த எழுத்து வடிவங்கள், அடுத்ததில் அப்படி எழுதுவதற்குச் சாட்சி சொன்னவர்கள், கடைசியில் வர்ணனை. ஓட்டு வீடா கூரை வீடா, யார் சொந்தக்காரர், பாழடைந்ததா என்பதுவரை அந்த வர்ணனையில் வருவதுண்டு. சாட்சிகள் பெரும்பாலும் நிலப்பிரபு, போதகர், பள்ளி ஆசிரியர். குடிசைவாசியின் சொல்லுக்கு மதிப்புக் குறைவாக இருந்ததால், ஏழை முன்னோர் சொன்ன வடிவம் ஒதுக்கப்பட்ட வடிவங்களுக்குள் கிடக்கலாம். அந்தப் பத்தியை விடாமல் படியுங்கள்.

போர் முடிந்து வரைந்த வரைபடம்

1746இல் கிளர்ச்சியை அடக்கிய கலோடன் போர் முடிந்ததும் படைகள் நடமாட நல்ல வரைபடம் இல்லை என்பதை அரசு உணர்ந்தது. வில்லியம் ராய் முன்னின்று 1747 முதல் 1755 வரை எடுத்த இராணுவ வரைபடம் அப்படிப் பிறந்தது. அதில் குடியிருப்புகள் சிவப்பில் இருக்கும். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே டிமதி பாண்ட் நாடெங்கும் சுற்றி வரைந்தவற்றை அடிப்படையாக வைத்து, ஆம்ஸ்டர்டாமில் பிளாவ் 1654இல் அட்லஸ் அச்சிட்டார். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ராய் வரைபடத்தில் இடம்பெற்று, நூறாண்டு கழித்து வந்த வரைபடத்தில் இல்லாத ஊர், அந்த இடைவெளியில் கலைந்த ஊராக இருக்கலாம்.

25 லட்சம் பெயர்கள்

1888 முதல் 1914 வரை வெளியான, மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவிலான வரைபடங்களில் பிரிட்டன் முழுக்க உள்ள பெயர்களைத் தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றினார்கள். ‘ஜிபி1900’ என்ற அந்தத் திட்டத்தின் பட்டியலில் சுமார் 25 லட்சம் பெயர்கள் உள்ளன. கிணறு, பாறை, ஒற்றைக் குடிசைப் பெயர்கூடச் சிக்கும்.

போதகர்களுக்கு 160க்கு மேல் கேள்வி

சர் ஜான் சின்க்ளேர் ஒவ்வொரு பாரிஷ் போதகருக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பி, பதில்களை 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டார். பட்டியலின் தொடக்கக் கேள்விகளே பாரிஷின் பழைய பெயர், இன்றைய பெயர், பெயர்க் காரணம் பற்றியவை. முன்னோர் வாழ்ந்த காலத்தில் அங்கே கூலி என்ன, பயிர் என்ன என்பதும் சேர்ந்து கிடைக்கும்.

தலைநகரைத் தொலைத்த கவுண்டி

கின்கார்டின்ஷையர் என்ற கவுண்டிக்குப் பெயர் கொடுத்த கின்கார்டின் ஊர் எப்போதோ மறைந்துவிட்டது. கோட்டை இடிபாடு மட்டும் நிற்கிறது. ஃபைஃப், ராஸ், பெர்த்ஷையர் பகுதிகளிலும் கின்கார்டின்கள் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். கவுண்டிகளும் பெயர் மாறின. ஃபார்ஃபர்ஷையர் இன்று ஆங்கஸ், எல்ஜின்ஷையர் மோரே, ஹேடிங்டன்ஷையர் கிழக்கு லோத்தியன். 1891இல் எல்லைகளைத் திருத்தியபோது சில பாரிஷ்கள் கவுண்டி விட்டுக் கவுண்டி மாறின. 1975இலும் 1996இலும் நிர்வாகமே மாறியது.

ஊரே போன இடங்கள்

சில ஊர்கள் உண்மையிலேயே மறைந்தன. மோரே கடலோரத்தின் கல்பின் பண்ணை 1694 மணற்புயலில் புதைந்தது. மறு ஆண்டே மணலைப் பிடித்து நிறுத்தும் புல்லைப் பிடுங்கக் கூடாது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் ரோசல், 1814க்கும் 1818க்கும் இடையில் ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை வெளியேற்றிய ஊர். செயின்ட் கில்டா தீவில் மிஞ்சியிருந்த 36 பேர் 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டு வெளியேறினார்கள்.

பெயர் மாறிய ஊர்கள்

ஃபிரேசர்பர்க்கின் பழைய பெயர் ஃபெய்த்லி. காசில் டக்ளஸ் முன்பு கார்லிங்வார்க். ஹெலன்ஸ்பர்க், நிலப்பிரபுவின் மனைவி ஹெலன் பெயரால் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஊரைத் தேடும்போது அதை ஆண்ட நிலப்பிரபுவின் குடும்பத்தையும் தேடுங்கள்.

மலையகத்துக்கு வந்த பெயர்கள்

ஸ்காட்லாந்துக்காரர்கள் போன இடமெல்லாம் ஊர்ப் பெயரையும் கொண்டுபோனார்கள். கனடாவின் கால்கரி முல் தீவிலிருந்து போனது. இலங்கை மலையகத்தில் ஆக்ரபத்தனையில் பால்மோரல், கிளென்லயன், கிளாஸ்கோ என்ற தேயிலைத் தோட்டங்கள் இன்றும் உண்டு. அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் பல தோட்டங்களுக்குத் தங்கள் தமிழ்ப் பெயர்களையும் வைத்தார்கள். மலையகத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுபவர் அந்த இரண்டு பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்து படிகள்

1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்த இடத்தை எப்படி எழுதுவது? மாஸ்பார்க் என்ற குடிசை, மான்போடோ எஸ்டேட், ஆக்கன்பிளே கிராமம், ஃபோர்டூன் பாரிஷ், கின்கார்டின்ஷையர் கவுண்டி. வீடு இடியலாம், எஸ்டேட் கைமாறலாம், கவுண்டி கலையலாம். ஐந்தில் இரண்டு மிஞ்சினாலும் இடத்தைப் பிடித்துவிடலாம். வீட்டுப் பெரியவர்களிடம் பூர்வீகத்தைக் கேட்டு எழுதும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், அவர்கள் சொல்லும் ஒலியிலேயே, பக்கத்து ஊர், நிலத்துக்காரர், கோயில் அல்லது தேவாலயம், பழைய மாவட்டம் வரை எழுதிவையுங்கள். நூறாண்டு கழித்துத் தேடப்போகும் பேரப் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.