முழங்காலுக்கு ஒரு மெத்தை

உதகமண்டலம் போகிறீர்களா? காந்தல் குருசடித் திருத்தலத்தையும் பார்த்து வாருங்கள். ஏசுநாதரின் சிலுவைத் துண்டென்று போற்றப்படும் திருப்பண்டம் அங்கே இருக்கிறது. பெரிய வெள்ளியன்று கூட்டத்தைக் கேட்க வேண்டுமா! சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுவது வழக்கம். குளிர்ந்த மலைத் தரையில் பாட்டிமாரின் முழங்கால் என்ன பாடுபடும்!

முழங்கால் சில்லுக்கு முன்னால் ஒரு சிறு பை உண்டு. கடினமான தரையில் அடிக்கடி ஊன்றினால் அது வீங்கும். 'வேலைக்காரி முழங்கால்' என்றே மேல்நாட்டார் இதற்குப் பெயர் வைத்தார்கள்!

ஒன்றரை அடி நீளம், முக்காலடி அகலத்தில் ரப்பர் ஸ்பாஞ்சு வெட்டி, மழைக்கோட்டுத் துணியில் உறையும் கைப்பிடியும் தையுங்கள். பஞ்சு வேண்டாம், ஈரம் குடித்துக் கட்டிவிடும். தோட்டத்தில் களை பிடுங்கவும் இது உதவும். வீக்கம் சிவந்து காய்ச்சலும் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தைத்ததும் முதலில் பாட்டியிடம் கொடுங்கள். பக்திக்கு வலி கட்டாயமா, என்ன?