புல்லில் வாசம் இல்லை, வேரில்தான் விலை! கடலூர் மணலில் விளையும் வெட்டிவேர்

கடலூர்:
வெயில் கொளுத்த ஆரம்பித்து விட்டால் மண்பானை தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேர் போடாத வீடு குறைவு. ஆனால் அது எந்த செடியின் வேர் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். அது மரமும் இல்லை, கொடியும் இல்லை. சாதாரண புல்!

ஆள் உயரத்துக்கு வளரும் இந்த புல்லை கசக்கி மோந்து பார்த்தால் ஒரு வாசமும் வராது. மாடு மேயும், கூரை வேயலாம், அவ்வளவுதான். காசெல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் நொச்சிக்காடு உள்ளிட்ட கடலோர கிராமங்களில் இதை பயிர் செய்கிறார்கள். காரணம் மணல். இதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக கீழே இறங்கும். 3 மீட்டர் வரை கூட போகும். களிமண்ணில் தோண்டினால் பாதியிலேயே அறுந்து விடும். மணலில் முழுசாக வரும்.

தென்னாட்டு வெட்டிவேர் விதை மூலம் பரவாது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே தோண்டினால் வேர் மெலிசாக இருக்கும், எண்ணெயும் தேறாது. தோண்டும் கூலிதான் விவசாயிக்கு பெரிய செலவு. வேரை வெட்டிய பிறகு தூரை மறுபடி நட்டு விடுவார்கள்.

எண்ணெய் வடிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. 100 கிலோ காய்ந்த வேரில் 1 கிலோ எண்ணெய் கிடைத்தாலே பெரிசு. சென்ட் கம்பெனிகள் வாங்குவது இதைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் இதை 'வெட்டிவர்' என்கிறார்கள். அது நம்ம தமிழ் வார்த்தை என்பது குறிப்பிடத்தக்கது. ஹைதி, இந்தோனேசியாவிலும் இது பெரிய அளவில் விளைகிறது.

எண்ணெய் எடுத்த வேரும் பார்க்க வேர் மாதிரியேதான் இருக்கும். அதனால் கடையில் வாங்கும்போது கொஞ்சம் நனைத்து மோந்து பாருங்கள்.

கரையில் கை வைக்காதீங்க!

வயலில் நட்டதை தோண்டலாம். ஆற்றங்கரை, வாய்க்கால் கரையில் இருப்பதை தோண்டினால் வம்பு. கரை மண்ணை வலை மாதிரி பிடித்து வைத்திருப்பதே இந்த வேர்தான். மண் அரிப்பை தடுக்க இதை வரிசையாக நடும்படி 1980-களில் உலக வங்கியே இந்தியாவில் பிரசாரம் செய்தது. ஒரு கட்டு வேருக்கு ஆசைப்பட்டு பிடுங்கினால், அடுத்த மழையில் அந்த இடத்தில்தான் கரை முதலில் சரியும்.