காற்றுக்குக் கீழான நாடுகள்: மலாக்கா நீரிணைப் பகுதியில் வணிகமும் பண்பாட்டுக் கலப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தென்கிழக்காசியாவின் மலாக்கா நீரிணைப் பகுதி, மொழியாலும் சமயத்தாலும் இனத்தாலும் வேறுபட்ட மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கூடி வாழ்ந்த இடமாகும். இப்பகுதியின் பண்பாட்டை இந்தியாவிடமிருந்து பெற்ற கொடையாகக் காணும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலம் நிலவியது. பருவக்காற்று வணிகம் உண்டாக்கிய காத்திருப்பே இங்குப் பண்பாட்டுக் கலப்பிற்கு அடிப்படையாயிற்று என்பதையும், நீராவிக் கப்பலும் தோட்டப் பொருளாதாரமும் அந்த அடிப்படையை மாற்றிவிட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மலாக்கா நீரிணை, பருவக்காற்று, ஐந்நூற்றுவர், மலாக்கா சிட்டி, இரப்பர்த் தோட்டம்

முன்னுரை

சுமத்திராத் தீவுக்கும் மலாய்த் தீபகற்பத்திற்கும் இடையே சுமார் 800 கி.மீ. நீளத்திற்குக் கிடக்கும் கடற்பாதையே மலாக்கா நீரிணை. வங்காள விரிகுடாவையும் தென்சீனக் கடலையும் இணைக்கும் இப்பாதையின் இரு கரைகளிலும் அவற்றை அடுத்தும் ஸ்ரீவிஜயம், கடாரம், பாரூசு, பாசை, மலாக்கா, அச்சே, பினாங்கு, சிங்கப்பூர் எனத் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சில மறைந்தன, சில இன்றும் வாழ்கின்றன.

இப்பகுதியைப் பற்றிய ஆய்வு இருவேறு நோக்குகளுக்கு இடையே இயங்கி வந்துள்ளது. ஆர்.சி. மஜும்தார் முதலியோர் தென்கிழக்காசிய அரசுகளை இந்தியக் குடியேற்றங்களாகவே கண்டனர். 1918இல் ஸ்ரீவிஜயத்தை ஒரு பேரரசாக அடையாளப்படுத்திய ஜார்ஜ் செதேயும் ‘இந்தியமயமாதல்’ என்ற கருத்தின் வழியே இப்பகுதியை விளக்கினார். இதற்கு மாறாக, அயலிலிருந்து வந்தவற்றை உள்ளூர் மக்கள் தம் தேவைக்கேற்பத் தேர்ந்து தமதாக்கிக்கொண்டனர் என ஜே.சி. வான் லூர், ஓ.டபிள்யூ. வோல்ட்டர்ஸ் ஆகியோர் வாதிட்டனர். தமிழ்நாட்டு மேடைகளிலும் பாடநூல்களிலும் முதல் நோக்கே இன்னும் ஓங்கி ஒலிக்கிறது. ‘சோழர் வென்ற கடாரம்’ என்ற தொடருக்குள் ஒரு பெரும் நிலப்பரப்பின் வரலாறு அடங்கிவிடுவதாக எண்ணுவது எளிது. சான்றுகளோ அவ்வளவு எளிதாக அடங்குவதில்லை.

காற்றும் காத்திருப்பும்

மலாய் மொழியில் இப்பகுதிக்குக் ‘காற்றுக்குக் கீழான நாடுகள்’ என்னும் பழம்பெயர் ஒன்றுண்டு. இந்தியா, பாரசீகம், அரபு நாடுகள் ஆகியவை ‘காற்றுக்கு மேலான நாடுகள்’ எனப்பட்டன. நிலத்தைக் காற்றின் திசைகொண்டு பகுத்த இப்பெயரிலேயே இப்பகுதியின் பொருளாதார அடிப்படை அடங்கியுள்ளது.

வடகிழக்குப் பருவக்காற்று சீனத்துக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்தது; அவை திரும்புவதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று எழ வேண்டும். இந்தியக் கரையிலிருந்து வந்த கப்பல்களுக்கும் இதே நிலைதான்: வந்த காற்றில் திரும்ப இயலாது. கான்டனிலிருந்து குஜராத் வரையிலான முழுப் பயணத்தையும் ஒரே கப்பல் மேற்கொள்வதைவிட, இரு திசையினரும் நடுவழியில் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொள்வதே ஆதாயமாக இருந்தது. இவ்வாறு நீரிணை ஒரு வழியாக மட்டுமன்றித் தங்குமிடமாகவும் ஆயிற்று. வணிகன் மாதக்கணக்கில் காத்திருந்தான். காத்திருப்பவனுக்குக் கிடங்கும் வீடும் வழிபாட்டிடமும் கடன் கொடுப்போரும் மொழிபெயர்ப்போரும் வேண்டும்; பலருக்கு உள்ளூரில் மனைவியும் குடும்பமும் அமைந்தன.

இந்தக் காத்திருப்பு வணிகர்க்கு மட்டும் உரியதன்று. கி.பி. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்ற பின்னரே இந்தியாவுக்குச் சென்றார். இந்தியாவுக்குச் செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் இங்கு ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பயில்வது நன்று என அவர் பரிந்துரைத்தார். காற்றின் பொருட்டுத் தங்கிய ஊர் கல்வியின் பொருட்டுத் தங்கும் ஊராகவும் வளர்ந்துவிட்டது.

கல்வெட்டுகள் காட்டும் உறவு

ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு 1920இல் பலெம்பாங் அருகே கண்டறியப்பட்டது. இதன் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. மொழியோ பழைய மலாய். எழுத்தைப் பெற்றவர்கள் மொழியைக் கைவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய சான்றுகளும் பல உள்ளன. தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ எனப் பெயரிடப்பட்ட ஒரு குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதைக் கூறுகிறது. குளம் வெட்டுவது சில நாள் தங்கிச் செல்பவர் செய்யும் பணியன்று. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் லெய்டன் செப்பேடுகள் என்றும் அறியப்படும் பெரிய பட்டயம், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்ததைத் தெரிவிக்கிறது. அதாவது, பண்பாட்டுக் கொடை கிழக்கு நோக்கி மட்டும் செல்லவில்லை. கிழக்கிலிருந்த ஓர் அரசன் தமிழகத் துறைமுகத்தில் தன் பெயர் விளங்கக் கட்டடம் எழுப்பினான். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள், 1025 அளவில், முதலாம் இராசேந்திரனின் கடற்படை அதே அரசின் துறைமுகங்களைத் தாக்கியது. அம்மெய்க்கீர்த்தி பட்டியலிடும் ஊர்கள் பெரும்பாலும் நீரிணையின் கரைகளிலும் அதனை அடுத்தும் அமைந்திருப்பதை நோக்க, படையெடுப்பின் இலக்கு நிலமன்று, வழியே எனக் கொள்ளுதல் தகும். நிலையான சோழ ஆட்சி அங்கு நிறுவப்படவில்லை.

சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவற்றுள் தனிக் கவனத்திற்குரியது. பாரூசு உயர்தரக் கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற துறை. மலாய் மொழியில் கற்பூரத்திற்குக் ‘காப்பூர் பாரூஸ்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பொறித்த அக்கல்வெட்டு வெற்றி எதனையும் பாடவில்லை. கட்டண ஒழுங்கைக் கூறுகிறது. மரக்கல நாயனும் கேவியும் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு உரிய பொன்னைச் செலுத்த வேண்டும் என்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவின் கடற்சட்டத் தொகுப்பில் கப்பல் தலைவன் ‘நாகோடா’ எனவும், கப்பலில் இடம்பெற்ற வணிகன் ‘கீவி’ எனவும் குறிக்கப்படுகின்றனர். துறையை அடைந்ததும் நாகோடா நான்கு நாள் விற்கலாம். அவனுக்குப் பின் கீவி இரண்டு நாள் விற்கலாம். அதன் பின்னரே மற்றையோர் விற்கலாம். கேவி, கீவி என்னும் இரு சொற்களும் ஒலியிலும் சூழலிலும் ஒத்திருப்பது, வணிக ஒழுங்கு ஒன்று மொழிகளைக் கடந்து நான்கு நூற்றாண்டுகள் நிலைத்ததை உணர்த்துவதாகலாம். கடாரப் படையெடுப்பைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிடின், இத்தகைய கட்டண விதிகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

மலாக்கா: அயலாருக்கான அரசமைப்பு

1400 அளவில் பரமேசுவரன் நிறுவிய மலாக்காவுக்குத் தனக்கென வளமான வயல்கள் இல்லை. அரிசி சாவகம், பெகு, சயாம் ஆகிய இடங்களிலிருந்து வந்தது. அதன் வளமெல்லாம் வந்து தங்குவோரிடமிருந்தே பிறந்தது. எனவே வந்து தங்குவோரை ஆள்வதே அவ்வரசின் தலையாய கலையாயிற்று. துறைமுகத் தலைவர்களான ஷாபந்தர்கள் நால்வர் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர்; சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகுவினர், பாசையினர்க்கு ஒருவர்; சாவகம், மொலுக்கா, பண்டா முதலிய தீவினர்க்கு ஒருவர்; சீனர், சம்பாவினர் முதலியோர்க்கு ஒருவர். மேற்கிலிருந்து வந்த சரக்கிற்கு நூற்றுக்கு ஆறு வீதம் வரி விதிக்கப்பட்டது. கிழக்கிலிருந்து வந்தோர் வரிக்குப் பதிலாகக் காணிக்கை செலுத்தினர். 1512 முதல் 1515 வரை எழுதிய போர்த்துக்கேயர் தோமே பிரெஸ், இத்துறையில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். எண்ணில் மிகை இருப்பினும் வியப்பு உண்மையானதே.

தமிழ் வணிகர் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து துணி கொண்டுவந்தனர். மொலுக்காவின் கிராம்பும் பண்டாவின் சாதிக்காயும் பெரும்பாலும் துணிக்கு மாற்றாகவே கைமாறின. மலாய் மொழி தமிழிலிருந்து ஏற்ற சொற்களை நோக்கினால் இந்த உறவின் தன்மை புலப்படும். கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று; கடை ‘கெடாய்’; முதல் ‘மோடால்’; பெட்டி ‘பெத்தி’; வகை ‘பாகாய்’. சமஸ்கிருதத்திலிருந்து அரசும் சமயமும் சார்ந்த சொற்களும், அரபியிலிருந்து சட்டமும் வழிபாடும் சார்ந்த சொற்களும் மிகுதியாகச் சென்றன. தமிழ் கடைத்தெருவின் வழியே நுழைந்தது. இதனைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மலாக்காவின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்கின் பொருட்டுத் தமிழ் கற்றனர் என, தானும் அவ்வாறு கற்ற முன்ஷி அப்துல்லா தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர், அரபு, தமிழ் வழியினர்.

1511 ஆகஸ்டில் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றியபோது இவ்வமைப்பு உடைந்தது. முஸ்லிம் வணிகர் பலர் அச்சே, ஜோகூர், பாந்தன் முதலிய துறைகளுக்குப் பெயர்ந்தனர். போர்த்துக்கேயருக்குத் துணைநின்ற தமிழ் வணிகர் நைனா சாட்டு, நகரின் முஸ்லிமல்லாதோர்க்குத் தலைவராக்கப்பட்டார். 1514இல் அப்பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்படவே, தீமூட்டி அதில் புகுந்து உயிர்நீத்தார் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவரைத் துரோகி என்பதோ தியாகி என்பதோ இக்காலத்தின் அளவுகோல்களாகும். பலருக்கும் பொதுவாக இருந்த துறைமுகத்தில் வாழப் பழகிய ஒரு வணிகர், ஒரே ஆதிக்கத்திற்குரிய துறைமுகத்தில் தமக்கு இடமில்லை என்பதை மூன்று ஆண்டுகளுக்குள் கண்டார்.

காத்திருப்பு முடிந்த காலம்

1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமாயிற்று. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைகளாயின. 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தம் நீரிணையின் நடுவே ஒரு கோட்டை இழுத்தது. ஒரே உலகின் இரு கரைகளாக இருந்தவை அதன்பின் இரு நாடுகளாயின. எனினும் ஆழ்ந்த மாற்றத்தை உண்டாக்கியது ஒப்பந்தமன்று, நீராவி எந்திரம். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல் காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. காற்று உண்டாக்கிய தங்கலும் அத்தங்கல் உண்டாக்கிய குடும்பங்களும் பழங்கதையாகத் தொடங்கின.

அதே காலத்தில் துறைமுகத்தின் பின்னிலம் புதிய மதிப்புப் பெற்றது. லாருட் முதலிய இடங்களின் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர் வந்தனர். 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்த இரப்பர் நாற்றுகள், எச்.என். ரிட்லியின் பால்வெட்டு முறையாலும் பின்னர் எழுந்த மோட்டார் வாகனத் தேவையாலும் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியை ஒரே பயிரின் நிலமாக்கின. தமிழ்த் தொழிலாளர் முதலில் ஒப்பந்த முறையிலும் அது 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறையிலும் அழைத்துவரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை இவ்வரவு ஏற்றஇறக்கத்தோடு தொடர்ந்தது.

பழைய வணிகரும் புதிய தொழிலாளரும் ஒரே கடலைக் கடந்தவர்களே. சென்று சேர்ந்த உலகங்கள் வேறு. வணிகர் பெரும்பாலும் தனித்து வந்தனர். பன்மொழி நகரில் குடியேறினர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். தொழிலாளரைக் கங்காணி ஊரோடும் உறவோடும் சேர்த்துக் கொண்டுவந்தார். தோட்டத்தின் லயன் வீடுகளில் அவர்தம் அண்டை அயலாரும் தமிழரே. மாரியம்மன் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன.

மலாக்கா சிட்டி சமூகம்

இவ்வேறுபாட்டை மலாக்கா சிட்டியரிடம் தெளிவாகக் காணலாம். தமிழ் வணிகருக்கும் உள்ளூர்ப் பெண்டிருக்கும் பிறந்த வழியினரான இவர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. ஆய்வுக் கட்டுரைகளிலும் இக்குழப்பம் நேர்கிறது. இவர்தம் வீட்டுமொழி தமிழ்ச் சொற்கள் கலந்த மலாய். பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். சமயமோ சைவம். 1781இல் டச்சுக்காரர் அளித்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. இன்று அதன் நிருவாகம் நகரத்தாரிடம் உள்ளது. அக்கோயில் நிற்கும் தெருவரிசையிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படையலிடும் ‘பார்ச்சு’ வழிபாடு இச்சமூகத்தின் ஆண்டு நிகழ்வுகளுள் தலையாயது. படையலில் இடம்பெறும் உணவில் தமிழகச் சமையலும் மலாய்ச் சமையலும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன.

தோட்டத் தமிழர் மொழியைக் காத்தனர், சிட்டியர் இழந்தனர் என்று கூறுவது வழக்கம். மொழிப்பற்றின் மிகுதி குறைவாக இதனைக் காண்பது பொருந்தாது. தோட்டம் தன் தொழிலாளரை அயலாரிடமிருந்து பிரித்து வைத்தது; அப்பிரிவில் மொழி நிலைத்தது, வறுமையும் நிலைத்தது. துறைமுகம் அயலாரோடு கலந்து வாழச் செய்தது. அக்கலப்பில் வீட்டுமொழி மாறியது, முன்னோர் நினைவு சடங்கில் தங்கியது. சீனத் தந்தை வழியினரான பாபா நியோன்யாக்களும், தமிழ் முஸ்லிம் தந்தை வழியினர் பலரை உள்ளடக்கிய ஜாவி பெரானாக்கன் சமூகமும் இதே பாதையில் உருவானவை. மலாய் மொழியின் முதல் செய்தித்தாள்களுள் ஒன்றான ‘ஜாவி பெரானாக்கன்’ 1876இல் சிங்கப்பூரில் இச்சமூகத்தாராலேயே தொடங்கப்பட்டது.

2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் கட்டடங்களுக்குக் காப்பளிக்கிறது. காஜா பெராங் பகுதியிலுள்ள சிட்டியரின் சிறு குடியிருப்பைச் சுற்றி நகரம் உயர்ந்துவருகிறது. இளையோர் பலர் வேலையின் பொருட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்து, பார்ச்சு நாளில் ஊர் திரும்புகின்றனர். படையலின் வரிசையும் அதற்குரிய சொற்களும் பெரும்பாலும் முதிய பெண்களின் நினைவில் உள்ளன. கல்வெட்டுக்குப் படியெடுக்கும் ஆய்வுலகம் இந்நினைவுக்கு இன்னும் படியெடுக்கவேண்டியுள்ளது.