வெளிச்சத்தின் விலை

தொடக்ககால ஒளிப்படங்களில் சிரித்த முகத்தைக் காண்பது அரிது. அக்கால மனிதர்கள் இறுக்கமானவர்கள் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். பொருளியல் பயிற்றுவித்த எனக்கோ அந்த முகங்களில் தெரிவது ஒரு பற்றாக்குறை. அன்றைய ஒளிப்படக் கலைஞருக்குக் கிடைத்தற்கரிய பொருளாக வெளிச்சம் இருந்தது.

1839இல் பாரிஸில் லூயி டாகேரின் முறை வெளியிடப்பட்டபோது, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஓர் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. அத்தனை நேரம் புன்னகையை நிறுத்திவைக்க இயலாது. தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கியை நிறுத்தினர். கையைக் கன்னத்தில் ஊன்றியோ மேசைமீது படியவைத்தோ அமரச் செய்தனர். இன்று நாம் கம்பீரம் என்று கருதும் தோற்றத்தில் பெரும்பகுதி அசையாமைக்கான ஏற்பாடே. கூரை வழியே பகலொளி பெறுவதற்காக நிலையங்கள் மேல்தளத்தில் அமைந்தன. 1841இல் லண்டனில் ரிச்சர்ட் பியர்ட் தொடங்கிய நிலையமும் அத்தகையதே.

இந்தப் பற்றாக்குறையைக் கலையாக்கியவர்கள் எடின்பரோவைச் சேர்ந்த இருவர். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து நூற்றுக்கணக்கான போதகர்கள் வெளியேறினர். அந்நிகழ்வைத் தீட்ட விரும்பிய ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், முகங்களைப் பதிவுசெய்ய ராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞருடன் இணைந்தார். அறைக்குள் ஒளி போதாததால் நாற்காலியையும் திரைச்சீலையையும் வெயிலுக்குக் கொண்டுவந்து, அறை போன்ற தோற்றத்தை அமைத்தனர். அவர்களது நெகட்டிவ் காகிதத்தால் ஆனது. காகித இழைகள் நுண்விவரங்களை மங்கச் செய்தன. ஆகவே நெற்றி, வெண்கழுத்துப்பட்டை, கை ஆகியவற்றை ஒளியில் நிறுத்தி, ஏனையவற்றை இருளில் அமிழவிட்டனர். பார்ப்பவர் கண் தானாகவே முகத்துக்குச் செல்கிறது.

1854இல் பிரெஞ்சுக்காரர் டிஸ்டேரி ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை சரிந்தது, நடுத்தர மக்களும் படம் எடுத்துக்கொண்டனர். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டையில் முழு உருவமும் நின்றபோது முகம் சிறுத்தது. தூணும் திரையும் தீட்டிய பின்னணியும் எல்லோருக்கும் பொதுவாயின. எங்கும் சமமாகப் பரவிய ஒளியில் முகத்தின் மேடுபள்ளங்கள் மறைந்தன. பெருமளவு உற்பத்திக்கு உரிய ஒருபடித்தான தன்மை முகத்துக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கு மறுப்பாக வந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரான். 1863இல், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவைக் கொண்டு தொடங்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கொட்டகையே அவரது நிலையம். பெரிய தகடு, குறைத்துவிட்ட வெளிச்சம், படத்தை நிறைக்கும் முகம். இதற்காக மற்றவர்கள் நொடிகளில் முடித்த வேலைக்கு அவர் நிமிடங்களைச் செலவிட்டார். 1867இல் அவர் எடுத்த அறிவியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில், இருளிலிருந்து எழும் நரைமுடியும் கண்களும் ஒரு வாழ்நாள் உழைப்பைச் சொல்கின்றன. கட்டாயமாக இருந்த காத்திருப்பை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்.

மலிவை நான் பழிக்கவில்லை. அது இல்லையெனில் எளியவர்களின் முகங்கள் வரலாற்றில் எஞ்சியிரா. ஆயினும், வீட்டு முதியவரைக் கைப்பேசியில் படம்பிடிக்கும்முன், அவரைச் சன்னலோரம் அமர்த்தி, ஒளி எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நாம் மிச்சப்படுத்துகிறோம். எதற்காக என்பதை எண்ணிப் பார்க்கலாம்.